குட்டி போட்ட தக்காளி சாலட்

மரியோலாவுக்கு ஒரு வியாதி இருந்தது. காய்ச்சல், தலைவலி மாதிரி டாக்டரிடம் காட்டி மருந்து வாங்குகிற வியாதி இல்லை. வாயில் வருகிற எந்தச் சொல்லுக்கும் பின்னால் ஒரு குட்டியைச் சேர்த்துவிடுவாள். ஸ்பூன் அவள் வாயில் ஸ்பூன்குட்டி. சூப், சூப்புக்குட்டி. மழை வந்தால் மழைக்குட்டி பெய்யும், பஸ் போய்விட்டால் பஸ்குட்டி போய்விடும்.

போலந்துக்காரர்களான எங்கள் எல்லோருக்குமே இந்தப் பழக்கம் கொஞ்சம் உண்டுதான். சொல்லின் கடைசியில் ஒரு வாலை ஒட்டினால் போதும், அது மடியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். விருந்தாளியிடம் டீக்குட்டி குடிக்கிறீர்களா என்று கேட்காத வீடு ராதோம் நகரத்தில் கிடையாது. ஆனால் மற்றவர்கள் அதை உப்பு மாதிரி கிள்ளிப் போடுவார்கள். மரியோலாவிடம் மூட்டையே அவிழ்ந்து கொட்டிவிட்டது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் பாலர் பள்ளி டீச்சர். கால்குட்டியை ஷூக்குட்டிக்குள் விடு, மூக்குக்குட்டியைச் சிந்து என்று காலை தொட்டுச் சாயங்காலம் வரை சொல்லிக்கொண்டிருக்கிற வாய், வீட்டுக்கு வந்ததும் பெரிய மனுஷியாகிவிடு என்றால் ஆகுமா?

அவளே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். ஒரு தடவை போக்குவரத்துப் போலீஸ்காரர் காரை நிறுத்தியபோது, "இதோ என் லைசன்ஸ்குட்டி" என்று நீட்டியிருக்கிறாள். அவர் மீசைக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அப்போ அபராதக்குட்டி எழுதிடலாங்களா?" என்றாராம். அதைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சொல்லாத கதையும் ஒன்று உண்டு. கூட வேலை பார்க்கிறவளின் அப்பா இறந்துபோனபோது, துக்கம் கேட்கப் போன இடத்தில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "சவப்பெட்டிக்குட்டி ரொம்ப நல்லா அமைஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நேரே கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தன் வாயில் தானே இரண்டு போட்டுக்கொண்டாள்.

அப்படிப்பட்ட மரியோலா ஈஸ்டர் முடிந்த கையோடு இரெக் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தன் ஐந்து வயது மகன் டிமெக்கையும் இழுத்துக்கொண்டு, அவருடைய நாலாம் மாடி வீட்டுக்குக் குடிவந்தாள். இரெக் கதவு செய்கிற ஆலையில் வேலை பார்க்கிறவர். பேச்சும் கதவு மாதிரிதான், பெரும்பாலும் சாத்தியே இருக்கும். அவருக்கு முதல் கல்யாணத்தில் ஒரு மகள், கொர்னெலியா. பன்னிரண்டு வயது. நெட்டையாக, முழங்கையும் முழங்காலுமாக இருப்பாள். கேட்ட கேள்விக்கு மரியாதையாகப் பதில் சொல்வாள். அந்த மரியாதைதான் மரியோலாவைக் கொன்றது.

"சரிங்க பானி. வேண்டாங்க பானி. நன்றிங்க பானி மரியோலா."

பானி என்பது எங்கள் ஊரில் கடைக்கார அம்மாளையும், டாக்டரம்மாவையும், டீச்சரையும் கூப்பிடுகிற சொல். பகல் முழுக்க முப்பது பிள்ளைகள் பானி பானி என்று பாவாடையைப் பிடித்து இழுத்தபோதெல்லாம் இனித்த அதே சொல், வீட்டில் இந்த ஒரு பெண் சொல்லும்போது மட்டும் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கொர்னெலியா தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். அவள் உட்கார வேண்டிய நாற்காலியில் துவைத்த துணி மலைபோல் குவிந்து, நாளடைவில் அது துணியின் நாற்காலியாகவே ஆகிவிட்டது.

இரெக் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார். அவளை அவள் போக்கில் விடு, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டால் அதுவே பெரிய விஷயம் என்றார். மரியோலாவா விடுகிறவள்? சமையலால் பிடித்துவிடலாம் என்று களத்தில் இறங்கினாள். முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி சுருட்டினாள். முள்ளம்பன்றி வடிவத்தில் கொழுக்கட்டை பிடித்து, மிளகைக் கண்ணாக வைத்தாள். ஒருநாள் உருளைக்கிழங்கு மசியலின் மேல் கேரட்டில் வாயும் பட்டாணியில் கண்ணுமாகச் சிரிக்கிற முகம் ஒன்று செய்து வைத்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு! கொர்னெலியா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"இது என்னையே பாக்குதுங்க பானி," என்று சொல்லிவிட்டு, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டு அறைக்குள் போனாள்.

அந்த முகத்தை மரியோலாவே தின்ன வேண்டியதாயிற்று. வாயைத்தான் முதலில் தின்றாள். தன் வாய்க்குத் தர வேண்டிய தண்டனையை அதற்குத் தந்ததாக வைத்துக்கொண்டாள்.

இப்படி வசந்தமும் போய்க் கோடையும் முடியப் போகிற நேரத்தில்தான் விஷயம் இறுகியது. கொர்னெலியாவின் அம்மா வடக்கே கிதினியாவில், கடற்கரை நகரத்தில், மறு கல்யாணம் செய்துகொண்டு இருந்தாள். அங்கே மகளுக்கென்று ஓர் அறைக்கு வர்ணமடித்து வைத்திருக்கிறாள், ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியுமாம். செப்டம்பரில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இங்கேயா அங்கேயா என்று கொர்னெலியாதான் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்குப் போன் செய்கிறேன், யோசித்து வை என்று அம்மா சொல்லியிருந்தாள்.

கொர்னெலியா போய்விட்டால் ஊர் என்ன சொல்லும் என்று மரியோலாவுக்குத் தெரியும். சித்தி வந்தாள், பெண் போனாள். பாலர் பள்ளி டீச்சராம், ஒரு பிள்ளையை வைத்துக்கொள்ளத் தெரியவில்லையாம். அந்தப் பயம் அவளுக்கு இருந்தது. இல்லை என்று அவள் தன்னிடமே பொய் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் அது மட்டும் இல்லை. ஜூலையில் ஒருநாள் டிமெக் மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவில் தலையை விட்டுக்கொண்டு, எடுக்க முடியாமல் கட்டடமே அதிர அலறினான். மரியோலா, "தலைக்குட்டி, தலைக்குட்டி" என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, கொர்னெலியாதான் வெண்ணெய்க் கட்டியோடு ஓடிவந்து அவன் இரண்டு காதிலும் தடவி, சுடச்சுட ரொட்டியை உருவுகிற மாதிரி உருவி எடுத்தாள். பிறகு வெண்ணெய்க் கையோடு படியில் உட்கார்ந்து மூவரும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றிலிருந்து மரியோலாவுக்கு அந்தப் பெண் வேண்டும். அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வியாழக்கிழமையும் வந்தது. வரக்கூடாத விதமாக வந்தது. பாலர் பள்ளியில் புதுப் பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம் இழுத்துக்கொண்டே போக, மரியோலா மூச்சிரைக்க நாலு மாடி ஏறி வருவதற்குள் ஆறு மணியை நெருங்கிவிட்டது. சாவியைத் துளையில் விடும்போதே போன் அடித்தது. இரெக்தான். ஆலையில் இயந்திரம் நின்றுபோய் எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள், வந்துகொண்டே இருக்கிறேன், இன்றைக்கு நாலு பேரும் சேர்ந்தே சாப்பிடலாம் என்றார். சொல்லிவிட்டு, அவருக்குப் பழக்கமில்லாத விதமாக, வைக்காமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஏழு மணிப் போனைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று மரியோலாவுக்குத் தெரியும்.

மரியோலா குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். முள்ளம்பன்றி பிடிக்க நேரமில்லை. முட்டை இருந்தது. அடுப்படி மூலையில் புது உருளைக்கிழங்கு இருந்தது. ஜன்னல் விளிம்பில், கீழ்வீட்டுக்காரர் தம் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்த தக்காளிகள் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. ஆகஸ்டுத் தக்காளி. ரோஜா நிறத்தில், ஒவ்வொன்றும் கைக்குழந்தையின் தலை கனம், காம்பருகே வெடித்து நின்றது. வேறு யோசனைக்கு வழியில்லாமல், எங்கள் ஊரில் யார் வீட்டிலும் வேலை நாளில் யோசிக்காமல் செய்கிற ஒன்றை அவள் கை செய்யத் தொடங்கியது.

உருளைக்கிழங்கு அடுப்பில் ஏறியது. தக்காளியைத் தடித்தடியாக நறுக்கினாள். வெங்காயத்தைக் கண்ணாடிபோல் சீவி, உப்புப் பிசறி, காரம் போகப் பிழிந்தாள். வெங்காயத்தாளை அரிந்தாள், மிளகைப் பொடித்தாள். கடைசியில், எல்லோரும் உட்கார்ந்த பிறகு, மேலே புளித்த பாலாடையான ஷ்மெதானாவை விட்டு ஒரு புரட்டு. அவ்வளவுதான் சாலட். முதலிலேயே விட்டால் தக்காளி தண்ணீர் விட்டு எல்லாம் நீந்தும். இத்தனை மாதத்தில் இதை அவள் கொர்னெலியாவுக்குச் செய்ததே இல்லை. இது என்ன விருந்தா, இதைப் போய் வைப்பதா என்று நினைத்திருந்தாள்.

எல்லாம் இருந்தது. ஷ்மெதானா மட்டும் இல்லை.

"கொர்னெல்கா, கண்ணு," என்று பெயருக்கும் வாலை ஒட்டிக் கூப்பிட்டாள், குரலில் தேனும் பாலும் வடிய. "செல்லம், கீழ கடைக்குட்டிக்கு ஓடிப்போய் ஒரு ஷ்மெதான்கா வாங்கிட்டு வாயேன்."

கொர்னெலியா அறை வாசலில் வந்து நின்றாள். "ஷ்மெதான்காங்களா பானி?"

"ஆமாடா தங்கம்."

"நிச்சயமா ஷ்மெதான்காதானே?"

"ஷ்மெதான்காதான் ராஜாத்தி. டப்பாக்குட்டியைப் பாத்து எடுத்துக்கோ."

பெண் இரண்டு விநாடி அவளையே பார்த்துவிட்டுப் படி இறங்கிப் போனாள்.

அவள் போயிருந்த நேரத்தில் மரியோலா வெங்காயத்தைப் பார்த்துப் பேசிப் பழகினாள். ஏழு மணிக்கு முன் கொர்னெலியாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும். இதமாக, பதமாக, பயமுறுத்தாமல். 'கொர்னெல்கா, நாம ஒரு பேச்சுக்குட்டி பேசலாமா' என்று ஆரம்பிக்கலாம் என்று தீர்மானித்தாள். வெங்காயத்துக்குக் கண்ணீர் வந்ததோ இல்லையோ, அவளுக்கு வந்தது.

கொர்னெலியா திரும்பி வந்து, டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குப் போனாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் விட வேண்டும் என்பது மரியோலாவுக்குத் தெரியும். ஆனால் மனசின் அவசரம் கைக்கு வந்துவிட்டால் யார் பொறுமையாக இருப்பார்கள்? டப்பாவின் மூடியைக் கிழித்தாள், கவிழ்த்தாள்.

கெட்டியாக, தயங்கித் தயங்கி விழ வேண்டியது, குழாய்த் தண்ணீர்போல் குபுகுபுவென்று கொட்டியது. பாதி டப்பா போன பிறகுதான் கையை நிறுத்தினாள். கிண்ணத்தில் தக்காளித் துண்டுகள் ரோஸ் நிறக் குளத்தில் மிதந்தன. விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள். யாரோ ஐஸ்கிரீமுக்குள் அழுதுவிட்டுப் போன மாதிரி இருந்தது.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். ஷ்மெதான்கா என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

ஷ்மெதானா என்பது புளித்துக் கெட்டிப்பட்டது, கரண்டியில் நிற்கும். அதைக் கொஞ்சிச் சொன்னால் ஷ்மெதான்கா. ஆனால் கடை அலமாரியில் ஷ்மெதான்கா என்று எழுதியிருப்பது வேறு சாமான். புளிக்காதது, காப்பிக்கு விடுவது, கேக்குக்கு அடிப்பது. செல்லப் பெயரை இன்னொருத்திக்குச் சொந்தப் பெயராக வைத்துவிட்டார்கள். வீட்டில் கொஞ்சுகிறவர்கள்கூடக் கடைக்கு ஆள் அனுப்பும்போது மட்டும் வாலை வெட்டிவிட்டுத்தான் சொல்வார்கள். அதை மூன்று வயதுப் பிள்ளையும் சொல்லும். மரியோலாவிடம் படித்த பிள்ளையாக இருந்தால் சொல்லாது.

முதலில் வந்தது கோபம். வேண்டுமென்றே செய்திருக்கிறாள், இன்றைக்குப் பார்த்துச் செய்திருக்கிறாள். டப்பாவும் கையுமாக அறைக் கதவைத் தட்டித் திறந்தாள். "கொர்னெல்கா, செல்லம், இந்த டப்பாக்குட்டி..." என்று தொடங்கியவளுக்கு, தன் குரல் தனக்கே கேட்டது. துக்க வீட்டில் கேட்ட அதே குரல். சவப்பெட்டிக்குட்டி. வாயை மூடிக்கொண்டாள்.

கொர்னெலியா கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"நான் ரெண்டு தடவை கேட்டேங்க பானி," என்றாள்.

"கேட்டே," என்றாள் மரியோலா. "வேணும்னேதானே வாங்கினே?"

பெண் யோசித்தாள். "பாதி வேணும்னே."

"மீதிப் பாதி?"

"மீதிப் பாதி, நீங்க நெஜமா என்ன கேக்கறீங்கன்னு எனக்குத் தெரியலை. எப்பவுமே தெரியறதில்லை."

மரியோலா தரையில் உட்கார்ந்தாள். பாலர் பள்ளி டீச்சர்களுக்கு நாற்காலி கண்ணில் படாது, தரைதான் படும். கீழே உட்கார்ந்து, அண்ணாந்து, அந்தப் பெண் சொன்னதைக் கேட்டாள். ஒரு தடவை வாயைத் திறந்த பிறகு அவள் நிறுத்தவில்லை, அவ்வளவு நாள் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

பல் டாக்டர் ஒரு குத்துக்குட்டிதான் என்று சொல்லித்தான் அவ்வளவு பெரிய ஊசியைப் போட்டாராம். அம்மா கிதினியாவுக்குப் போனபோது கொஞ்சநாள்குட்டிதான் என்று சொல்லித்தான் பெட்டியைக் கட்டினாளாம், அந்தக் கொஞ்சநாள்குட்டி வளர்ந்து வருஷக்கணக்காகிவிட்டது. யாராவது எதையாவது சின்னதாக்கிச் சொன்னால் பின்னால் பெரிசாக ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். அப்படியிருக்க, இந்த வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து ஒருத்தி எல்லாவற்றையும் சின்னதாக்கிக்கொண்டே இருந்தால்? ஒவ்வொரு சூப்புக்குட்டிக்கும் அந்தப் பெண் பயந்து பயந்து பார்த்திருக்கிறாள். எந்தத் தட்டுக்கு அடியில் அந்தப் பெரிய விஷயம் இருக்கிறதோ என்று.

"போன வாரம் அப்பா சொன்னாரு," என்றாள் கொர்னெலியா. குரல் இறங்கிவிட்டது. "'கடல்குட்டி பக்கத்துல உனக்கு ஒரு ரூம்குட்டி ரெடியா இருக்காமே'ன்னு. அப்பா அப்படிப் பேசவே மாட்டாரு. உங்ககிட்டேருந்து ஒட்டிக்கிச்சு. அப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நான் போயிடணும்னு ரெண்டு பேரும் முடிவு பண்ணிட்டீங்க. சொல்றதுக்கு உங்களுக்குச் சங்கடமா இருக்கு. அவ்வளவுதானே?"

சமாதானம் சொல்ல மரியோலாவின் வாய் தானாகத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு பெரிய குட்டிக் கூட்டமே முண்டியடித்துக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் பல்லுக்குப் பின்னால் நிறுத்தினாள். அப்படி நிறுத்தியதில் ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"போகாதே."

அவள் ஆயுளில் இவ்வளவு குட்டையாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. தன் குரல் இவ்வளவு கரகரப்பா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்," என்றாள். "ஊர்ல என்ன சொல்வாங்கன்னு பயமும் இருக்கு. இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அது கால்வாசிதான். டிமெக் காதுல நீ வெண்ணெய் தடவினியே, அன்னிலேருந்து நீ இங்கேயே இருக்கணும்னு எனக்கு ஆசை. உங்கம்மாகூட இருக்கணும்னு உனக்குத் தோணினா போ. அது உன் இஷ்டம், நான் குறுக்க நிக்கமாட்டேன். ஆனா நாங்க அனுப்பறோம்னு நெனச்சிக்கிட்டுப் போகாதே. இங்க யாரும் உன்னை அனுப்பலை."

கதவிடுக்கில் டிமெக் எவ்வளவு நேரமாக நின்றிருந்தானோ தெரியாது. உள்ளே வந்து அம்மாவின் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தான்.

"அம்மா, உனக்குக் காய்ச்சலா?" என்றான்.

கொர்னெலியா சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். அந்த நேரம் பார்த்து அடுப்பில் உருளைக்கிழங்கு பொங்கி வழிய, மரியோலா எழுந்து ஓடினாள். வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பினால், பெண் சமையலறையில் நின்று கிண்ணத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதென்ன, மில்க் ஷேக்கா?"

"நான்தான் மடச்சி. கேட்டதும் நான், கொட்டினதும் நான்."

"டப்பால பாதி மிச்சமிருக்கு," என்று குலுக்கிப் பார்த்தாள் கொர்னெலியா. "இது புளிக்கணும், அவ்வளவுதானே? தானாக் கெட்டுப்போற வரைக்கும் காத்திருக்க முடியாது. நாமளே கெடுத்துடலாம்."

குளிர்பெட்டிக் கதவில், டீக்கு வெட்டிய அரை எலுமிச்சம்பழம் ஒன்று முகம் சுருங்கிக் கிடந்தது. மரியோலா அதை எடுத்து நீட்டினாள். "இந்தா, எலுமிச்சங்கு..." என்று வந்துவிட்டது. கொர்னெலியா நிமிர்ந்து பார்த்தாள். "எலுமிச்சை," என்று முடித்தாள் மரியோலா, வெந்நீரை விழுங்கின மாதிரி.

குளத்தில் மிதந்த தக்காளியைச் சல்லடையில் கவிழ்த்து வடியவிட்டார்கள். மிச்சமிருந்ததில் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, கொர்னெலியா முள்கரண்டியால் அடித்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெல்ல மெல்ல, யாரோ சொல்லி அனுப்பினது போல, அது இறுகத் தொடங்கியது. முள்கரண்டி போன வழி அப்படியே தெரிந்தது. மரியோலா தொட்டு வாயில் வைத்தாள். புளித்தது. இவ்வளவு நாள் தித்திப்பைத் தவிர வேறெதையும் இந்த வீட்டில் பரிமாறாதவளுக்கு, அந்தப் புளிப்பு நாக்கில் சுரீரென்று ஏறி நன்றாகவே இருந்தது.

டிமெக் எக்கி நின்று ஒரு வெள்ளரிக்காயைக் கிண்ணத்துக்குள் போடப் பார்த்தான்.

"கூடாது!" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

தக்காளியும் வெள்ளரியும் ஒரே கிண்ணத்தில் சேர்ந்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று எங்கள் நாட்டில் எல்லோருக்கும் யாரோ ஒருவர் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மெய்யோ பொய்யோ, யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. கொர்னெலியாவும் மரியோலாவும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அன்றுதான் முதல் தடவை. பலியானது வெள்ளரி.

இரெக் வந்தபோது மேசையில் நூல்போல் மெல்லிய, மணக்கிற சோயிக்கீரை தூவிய உருளைக்கிழங்கும், பொரித்த முட்டையும், நடுவில் சாலட்டும் இருந்தன. அவர் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். டிமெக் உட்கார்ந்தான். மரியோலா உட்கார்ந்தாள். கொர்னெலியா தட்டை நிரப்பிக் கையில் எடுத்துக்கொண்டு நின்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. மரியோலா ஓர் உருளைக்கிழங்கை அவ்வளவு கவனமாக வெட்டினாள், வைரம் அறுக்கிறவன்கூட அப்படி வெட்டமாட்டான்.

ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. துணி. கொர்னெலியா நாற்காலியிலிருந்த துணிமலையை ஒரு கையால் வாரிச் சோபாவில் போட்டாள். தட்டை மேசையில் வைத்தாள். உட்கார்ந்தாள்.

இரண்டு வாய்கூடச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள், போன் அடித்தது. இரெக் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கொர்னெலியா போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனாள். கதவைச் சாத்தவில்லை.

கேட்கக் கூடாது என்று மரியோலா நினைத்தாள். ஆனால் காது அவள் பேச்சை எப்போது கேட்டது? வாயே கேட்பதில்லை.

"ம்... சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்மா," என்றது நடையிலிருந்து. "இல்ல... யாரும் சொல்லித் தரலை... நானேதான் சொல்றேன். இங்கதான் ஸ்கூலுக்குப் போறேன்." நடையில் காலடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய் வந்தது. "அழாதேம்மா. குளிர்கால லீவுக்கு வர்றேன். ஆமா, முழு லீவுக்கும்... ரூமை வேற யாருக்கும் குடுத்துடாதே... சரி, வைக்கறேன், சாலட் ஆறிடும்."

"சாலட் எப்படி ஆறும்?" என்றார் இரெக் மெதுவாக, யாரையும் பார்க்காமல். கண் ஓரத்தை முழங்கையில் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். ஏன் என்று யாரும் அவரைக் கேட்டிருக்கவில்லை.

கொர்னெலியா திரும்பி வந்தபோது அவள் கண்ணும் சிவந்திருந்தது. கடலை வேண்டாம் என்று சொல்வது லேசா? யாரும் அவளைத் தேற்றவில்லை. அவள் சாலட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரு வாய் மென்றாள்.

"மரியோலா," என்றாள், "உப்புக் கம்மி."

பானி இல்லை. மரியோலா அதைக் கேட்டாள். இரெக்கும் கேட்டார். ஜன்னலோரத்தில் மிச்சமிருந்த தக்காளிகூடக் கேட்டிருக்கும். மரியோலாவின் தொண்டைக்குள் அத்தனையும் திரண்டு வந்தது, கண்ணு, தங்கம், ராஜாத்தி, உப்புக்குட்டி எல்லாம். ஒரு பெரிய உருளைக்கிழங்குத் துண்டை வாயில் போட்டு அவ்வளவையும் உள்ளே தள்ளினாள்.

"இந்தா, உப்பு," என்றாள்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் எழுந்து போன பிறகு, மரியோலா பாத்திரம் கழுவ நின்றாள். குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே, இடமும் வலமும் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு அடக்கி வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள். தட்டுக்குட்டி. முள்கரண்டிக்குட்டி. கிண்ணக்குட்டி. எலுமிச்சங்குட்டி. அப்பாடா என்று இருந்தது. கடைசியாக, உதடு மட்டும் அசைய, இன்னும் மெதுவாக, "கொர்னெல்குட்டி," என்றாள்.

"கேக்குது, மரியோலா," என்றது அறைக்குள்ளிருந்து.